ஏழாம் அத்தியாயம்: உன்னைப் பற்றிச் சொல் என்று கேட்கும்போது

சாந்தோம் நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் உள்ள பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போகும் ஒரு மாணவரிடம் பொறியியல் கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்று கேட்டுப் பார்த்தால், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200 என்ற கணக்கை மனத்திலேயே போட்டு, அரை மதிப்பெண் பிசகாமல் மறுகணமே சொல்லிவிடுவார். தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு முதல் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வும் இல்லாமற் போய், மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண்ணே தரவரிசையை நிர்ணயிக்கும் ஏற்பாடு நிலைபெற்றுவிட்டது. அந்த ஏற்பாட்டில் பெரியதொரு நியாயம் உண்டு. விண்ணப்பிப்பவர் எந்தத் தெருவில் வசிக்கிறார், அவர் பேசும் ஆங்கிலம் எவ்வளவு சரளமானது, வீட்டில் புத்தக அலமாரி இருக்கிறதா என்ற கேள்விகளுக்கெல்லாம் அதில் இடமே கிடையாது. ஆனால் அதே காரணத்தினால், பதினேழு வயது நிரம்பும் வரையில் நம் பிள்ளைகளிடம் ‘நீ எத்தகைய மனிதன், எதைப் பற்றி எண்ணிக்கொண்டிருக்கிறாய்’ என்று எழுத்து மூலம் எவரும் கேட்டதில்லை என்பதும் உண்மை.

அத்தகைய மாணவர், சோனிபத்திலுள்ள அசோகா பல்கலைக்கழகத்துக்கோ, நம்மூருக்கு வடக்கே ஸ்ரீசிட்டியிலுள்ள கிரியா பல்கலைக்கழகத்துக்கோ, கடல் கடந்த கல்லூரிகளுக்கோ விண்ணப்பிக்க முற்படும்போது முதன்முறையாகத் திகைத்து நிற்கிறார். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பம் 650 வார்த்தைகளுக்குள் ஒரு சொந்தக் கட்டுரையைக் கேட்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் எட்டுக் கேள்விகளை முன்வைத்து, அவற்றுள் நான்குக்கு ஒவ்வொன்றும் 350 வார்த்தைகளுக்கு மேற்படாமல் விடை கேட்கிறது. பிரிட்டனின் ‘யூகாஸ்’ அமைப்போ நெடுங்காலமாக இருந்து வந்த ஒரே கட்டுரையை மாற்றி, 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் மூன்று தனிக் கேள்விகளாகப் பிரித்து, மொத்தம் 4,000 எழுத்துகளுக்குள் அடக்கச் சொல்கிறது. இவற்றுக்கெல்லாம் உண்மையாக விடை எழுதுவது எங்ஙனம் என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். உண்மை என்ற வார்த்தையை இங்கே பொய் சொல்லாமை என்ற குறுகிய அர்த்தத்தில் மட்டும் நான் பிரயோகிக்கவில்லை. உள்ளதை உள்ள அளவில், பெருக்காமலும் சுருக்காமலும் சொல்லும் திறமை என்று அதை வாசகர்கள் கொள்ள வேண்டும்.

மூவகைக் கேள்விகள்

விண்ணப்பத்தில் வரும் கேள்விகளை முதலில் மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஏனெனில் ஒவ்வொரு வகையிலும் உண்மைக்குரிய நியமம் வேறு.

முதல் வகை, பதிவுகளைப் பற்றியது: பிறந்த தேதி, மதிப்பெண், பெற்றோரின் படிப்பு, குடும்ப வருமானம், பள்ளியில் எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கை முதலியவை. இங்கே விடையைத் தெரிந்தெடுக்கும் சுதந்திரம் நமக்கு இல்லை. கேட்டால் உள்ளபடி சொல்லியே தீரவேண்டும். கேட்காத இடத்தில் வலியச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒழுங்கு நடவடிக்கை பற்றிய கேள்வி காமன் ஆப்பின் பொதுப் பகுதியிலிருந்து 2021-22 பருவத்தில் நீக்கப்பட்டது. எனினும் தனித்தனிக் கல்லூரிகள் தம்முடைய பகுதியில் அதைக் கேட்கக்கூடும். அவ்வாறு கேட்டால், நடந்தது என்ன, அதன்பின் செய்தது என்ன என்பதை நான்கு வாக்கியங்களில், பிறர்மீது பழி சுமத்தாமல் எழுதி முடித்துவிட வேண்டும்.

வருமானத்தைப் பற்றிய கேள்வியில் நம் பகுதிக் குடும்பங்களுக்குத் தனிப்பட்ட ஒரு சங்கடம் உண்டு. மாதச் சம்பளச் சீட்டு உள்ள வீடுகளுக்கு இது எளிது; பட்டினப்பாக்கத்திலிருந்து காசிமேட்டுக்குச் சென்று விசைப்படகில் தொழில் செய்யும் ஒருவருக்கோ, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தத் தொழிலிலிருந்து ஒரு ரூபாயும் வராது. நல்ல மாதம் ஒன்றின் வரவைப் பன்னிரண்டால் பெருக்கி எழுதினால் அது உண்மையைவிடப் பெரிய தொகை. மோசமான மாதத்தைப் பெருக்கினால் உண்மையைவிடச் சிறிய தொகை. தொழில் நடக்கும் பத்து மாதங்களின் உத்தேசச் சராசரியைப் பத்தால் பெருக்கிப் போட்டு, கணக்கிட்ட முறையையும் இரண்டு வரியில் விளக்குவதுதான் நேர்மை. வட்டாட்சியர் அலுவலகம் கொடுத்த வருமானச் சான்றிதழில் வேறொரு தொகை இருந்தால், அந்த வித்தியாசத்துக்குக் காரணத்தையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த முதல் வகையில் செய்யும் பொய்தான் சட்டத்தின் பிடிக்குள் போகிறது. இந்தியாவிலிருந்து சென்ற ஒரு மாணவர், போலி மதிப்பெண் பட்டியல்களோடு, உயிரோடிருந்த தந்தைக்கு மரணச் சான்றிதழும் தயாரித்து, முழு உதவித்தொகையுடன் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 2024இல் கைது செய்யப்பட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு நாடு திரும்ப நேர்ந்த செய்தி அநேகருக்கு நினைவிருக்கலாம்.

இரண்டாம் வகை, செயல்களின் பட்டியல்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷத்தில் எத்தனை வாரம், என்ன பொறுப்பு என்ற கேள்விகள். இங்கே உண்மை என்பது அளவைப் பொறுத்தது. மூன்றாம் வகை, திறந்த கேள்விகள்: உன்னை மாற்றிய அனுபவம் எது, எதில் மனம் லயிக்கிறது என்பவை. இங்கே எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற பூரண சுதந்திரம் விண்ணப்பிப்பவருக்கு உண்டு. சொல்லத் தெரிந்தெடுத்ததைத் திரிக்கும் சுதந்திரம் மட்டும் கிடையாது. முதல் வகையில் மௌனம் குற்றம். மூன்றாம் வகையில் மௌனம் உரிமை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதனால்தான், வருமானத்தை மறைத்துவிட்டு வீட்டுச் சண்டையை விவரிக்கும் விபரீத விண்ணப்பங்கள் உருவாகின்றன.

தற்புகழ்ச்சியும் சங்கோசமும்

தன்னைப் பற்றி எழுது என்றவுடன் நம்மவர்களுக்கு இயல்பாகவே ஒரு கூச்சம் தோன்றும். தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள், ‘எல்லாம் ஆசிரியர்களின் ஆசீர்வாதம்’ என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அப்படிச் சொல்பவர்களுக்கு நான் நன்னூலைக் காட்டுவது வழக்கம். எத்தனை துறைகளில் தேர்ந்தாலும் ஒருவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகுதியன்று என்று பாயிரத்தில் விதித்த பவணந்தி முனிவரே, அடுத்தபடியாக அதற்கு நான்கு விலக்குகளையும் வைத்திருக்கிறார்: அரசனுடைய அவைக்கு ஓலை எழுதி அனுப்பும்போதும், தன் ஆற்றலை அறியாதவர்களின் நடுவிலும், அவையில் வெற்றிபெற வேண்டிய சமயத்திலும், எதிரி தன்னைப் பழித்த காலத்திலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். கல்லூரி விண்ணப்பம் என்பது முதல் இரண்டு விலக்குகளும் ஒருங்கே பொருந்தும் சந்தர்ப்பம் அல்லவா? ஓலை எழுதுகிறோம்; படிப்பவர் நம்மை அறியாதவர். ஆகவே கூச்சம் இங்கே பணிவாகாது. படிப்பவருக்கு அவர் கேட்ட தகவலைக் கொடாமல் விடுவதாகவே முடியும்.

இதற்கு நம் நகரத்திலேயே ஓர் உத்தம உதாரணம் உண்டு. 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன், கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது, தம் உத்தியோகம் இன்னது, சம்பளம் ஆண்டுக்கு இருபது பவுன், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, சாதாரணப் பள்ளிப் படிப்பு மட்டுமே, ஓய்வு நேரமெல்லாம் கணிதத்துக்கே என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்ததையும் பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வில் தவறியதையும் சொல்லி அவர் இரக்கம் தேடவில்லை. தமக்கு இல்லாததைச் சில வரிகளில் கூறிவிட்டு, இருப்பதைப் பக்கம் பக்கமாகச் சூத்திரங்களாக இணைத்து அனுப்பினார். அந்தக் கடிதத்திலும் அளவு தவறிய இடம் ஒன்று உண்டு: 1887 டிசம்பரில் பிறந்தவர், தமக்குச் சுமார் இருபத்துமூன்று வயது என்று எழுதியிருக்கிறார், உண்மையில் அப்போது இருபத்தைந்து. மகா மேதையின் விஷயத்தில் இதை உலகம் பொருட்படுத்தவில்லை. இன்றைய விண்ணப்பத்திலோ பிறந்த தேதி கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும். கடிதத்தின் அமைப்பையே நாம் பின்பற்ற வேண்டும்: குறை சில வரிகளில், வேலை பல பக்கங்களில்.

அளவோடு எழுதுதல்: ஓர் உதாரணம்

விளக்கத்துக்காக ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். அவளுடைய வீடு நொச்சிக்குப்பத்தில். தாய்க்கு, 2024இல் லூப் சாலையில் திறக்கப்பட்ட மீன் அங்காடியில் ஒரு கடை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை அவள் கடையில் நிற்கிறாள். சங்கராவையும் நெத்திலியையும் கூறு கட்டி வைப்பது தாய், காசு வாங்கிப் போடுவதும் கடன் நோட்டு எழுதுவதும் மகள். பொருளாதாரம் படிக்க விரும்பும் அவள், செயல்களின் பட்டியலில் இதை எவ்வாறு எழுதுவாள்?

பெரும்பாலும் முதல் முயற்சியில் எழுதவே மாட்டாள். மன்றத் தலைவி, மாதிரி ஐ.நா. சபைப் பிரதிநிதி, தன்னார்வத் தொண்டர் போன்றவைதாம் ‘செயல்கள்’ என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவள் அறியாத செய்தி ஒன்றுண்டு: காமன் ஆப்பின் பட்டியலில் குடும்பப் பொறுப்புகளுக்கும், சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கும் தனித்தனியே இனங்கள் இருக்கின்றன. அதை அறிந்த பிறகு, அறிவுரை கூறும் அண்ணன் ஒருவர், ‘சிறுதொழில் நிறுவனம் ஒன்றின் நிதி நிர்வாகி, வாரம் 15 மணி நேரம்’ என்று எழுதித் தருவார். இரண்டும் உண்மைக்கு விரோதம். முதலாவது சுருக்கியது, இரண்டாவது பெருக்கியது. ‘தாயின் மீன் கடையில் ஞாயிறு தோறும் நான்கு மணி நேரம்; விற்பனைக் காசும் கடன் நோட்டும் என் பொறுப்பு; வருஷத்தில் 45 வாரம்’ என்று எழுதினால் அளவு சரியாகிறது. தேர்வு சமயத்தில் கடைக்குப் போகாத ஏழு வாரங்களை அவள் கழித்திருப்பதைக் கவனியுங்கள். படிப்பவருடைய நம்பிக்கையைச் சம்பாதிப்பது அந்தக் கழித்தல்தான். 52 வாரமும் போட்ட பட்டியலைப் பார்த்து மற்றவற்றையும் சந்தேகிக்கத் தொடங்குவதே மனித சுபாவம்.

இனி அவளுடைய கட்டுரைக்கு வருவோம். ‘என் தாயின் உழைப்பு எனக்கு விடாமுயற்சியைக் கற்றுத் தந்தது’ என்ற வாக்கியம் பொய்யல்ல. ஆயினும் அதை ஆயிரம் பேர் எழுதலாம், ஆகையால் அது அவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம், ‘கடன் நோட்டில் உனக்குப் புரியாமல் இருந்தது எது?’ என்று கேட்டால் உண்மையான விஷயம் வெளிவரும். தாய் தண்டலுக்குப் பணம் வாங்குகிறாள்: பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பேர், ஆயிரத்தை முன்னதாகவே பிடித்துக்கொண்டு கையில் கொடுப்பது ஒன்பதாயிரம், தினம் நூறு ரூபாயாக நூறு நாளில் கட்டி முடிக்க வேண்டும். பத்து சதவீதம் வட்டிதானே என்று தாய் சொல்வாள். மகளும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தாள். பதினொன்றாம் வகுப்பில் ஒருநாள், அசல் தினந்தோறும் குறைந்துகொண்டே வருகிறதே, கடைசி நாளில் நம் கையில் இருக்கும் கடன் நூறு ரூபாய்தானே என்ற எண்ணம் தோன்ற, நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள். வருஷ வட்டி எழுபது சதவீதத்தையும் தாண்டிவிடுகிறது. வங்கிக்குப் போகலாமே என்றவளுக்குத் தாயின் விடை: ‘விடியற்காலம் நாலு மணிக்கு மீன் எடுக்கப் பணம் வேணும்னா எந்த பேங்க்மா திறந்திருக்கும்?’

இந்த இடத்தில் கட்டுரை தானாகவே பிறந்துவிடுகிறது. தன் கணக்கு சரி என்பதும், தாயின் விடையும் சரி என்பதும், இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கப் பொருளாதாரம் படிக்க வேண்டியிருக்கிறது என்பதும் அதில் இருந்தால் போதும். தண்டலை ஒழித்துவிட்டேன், குப்பத்துப் பெண்களுக்கு விழிப்புணர்வு ஊட்டினேன் என்று முடிவைக் கட்டிவிட வேண்டிய அவசியமில்லை. அவள் தாய் இன்றைக்கும் தண்டல்தான் வாங்குகிறாள் என்றால் அப்படியே எழுதட்டும். தீராத கேள்வியோடு வருகிற மாணவியை வேண்டாமென்று ஒதுக்கும் பேராசிரியர் அரிது.

துன்பத்தை எழுதுவது

சோகம் நிறைந்த கட்டுரைக்கே இடம் கிடைக்கும் என்ற ஒரு வதந்தி மாணவர்களிடையே பரவியிருக்கிறது. கடற்கரையை அடுத்து வாழும் நமக்கு அதற்கான பொருளும் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கிறது: 2004 டிசம்பர் 26இல் சீனிவாசபுரத்துக்குள்ளும் பட்டினப்பாக்கத்துக்குள்ளும் புகுந்த ஆழிப்பேரலை, 2015 டிசம்பரில் அடையாற்றின் கரை கடந்த வெள்ளம். ஆனால் இன்று விண்ணப்பிக்கும் மாணவர் பெரும்பாலும் 2008 வாக்கில் பிறந்தவர். ஆழிப்பேரலை அவர் பிறப்பதற்கு முன்பே வந்து போயிற்று; வெள்ளத்தின்போது அவருக்கு ஏழு வயது. பாட்டியின் நினைவைப் பாட்டியின் நினைவாகவே எழுதலாம். தானே கண்டதுபோல் எழுதலாகாது. ஏழு வயதுக் குழந்தைக்கு நிவாரணப் பணியின் தத்துவம் தெரிந்திராது; மொட்டை மாடியில் பக்கத்து வீட்டு அக்காவோடு படுத்துத் தூங்கியதும், இரண்டு நாள் ரொட்டியே தின்றதும்தான் நினைவிருக்கும். அவ்வளவுதான் நினைவென்றால் அவ்வளவையே எழுத வேண்டும்.

கடன் வாங்கிய அனுபவம் வெளிப்படாமல் போகாது. 2007இல் யூகாஸ் அமைப்பு சுமார் 50,000 விண்ணப்பங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, எட்டாவது பிறந்தநாளில் பரிசாக வந்த இரசாயனப் பெட்டியால் தம் இரவு உடையில் ஓட்டை விழுந்த கதையை 234 பேர் ஏறத்தாழ ஒரே மாதிரியாக எழுதியிருந்ததைக் கண்டது. இத்தனை பேருடைய விஞ்ஞான ஆர்வமும் ஒரே ஓட்டையின் வழியாகவா பிறந்திருக்கும்?

உண்மையாகவே துன்பம் அனுபவித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தந்தையின் குடிப்பழக்கம், தமக்கையின் மணமுறிவு, தமக்கே நேர்ந்த மனநோய், சாதியின் பெயரால் பட்ட அவமானம் ஆகிய இவற்றை வெளியிட்டால்தான் நேர்மை என்று எந்த விண்ணப்பமும் கோரவில்லை. எழுதுவதென்றால் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சம்பவம் எனக்குரியதா, அல்லது வேறொருவருடையதா? வேறொருவருடையதானால் அவர் அனுமதித்தாரா? முன்பின் அறியாத ஒருவர் நேர்காணலில் இதைப் பற்றிக் கேட்டால் குரல் தடுமாறாமல் என்னால் பேச முடியுமா? பின்னிரண்டில் எதற்கேனும் விடை ‘இல்லை’ என்றால், அந்தப் பொருளை விட்டுவிடலாம். அதனால் நீங்கள் பொய்யராகிவிட மாட்டீர்கள். நோயினாலோ வீட்டுக் கஷ்டத்தினாலோ பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்திருந்தால், அதற்குக் கட்டுரை தேவையில்லை. கூடுதல் தகவலுக்கென்று தனி இடம் உண்டு. காரணம், காலம், இப்போதைய நிலை என்று மூன்று வாக்கியங்கள் போதும்.

பிறர் கை

கட்டுரையைத் தாமே எழுதித் தருவதாகச் சொல்லும் ஆலோசகர்கள் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் மட்டுமா, இப்போது கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டார்கள். விண்ணப்பத்தை அனுப்பும்போது, இது என் சொந்தப் படைப்பு, இதிலுள்ளவை உண்மை, பொய்யென்று தெரிந்தால் சேர்க்கை ரத்தாகலாம் என்ற வாசகத்தின் கீழ்தான் மாணவர் கையொப்பமிடுகிறார். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைத் தம்முடையதாகச் சமர்ப்பிப்பதையும் 2023 முதல் காமன் ஆப் மோசடியின் இலக்கணத்தில் சேர்த்துவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ, குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்த சிலரிடம் அவர்கள் எழுதிய செயல்களுக்கு ஆதாரம் கேட்டு எழுதுகிறது. விடை வராத விண்ணப்பம் அத்துடன் தள்ளப்படும்.

எனினும் உதவியே கூடாது என்பது என் அபிப்பிராயமல்ல. ‘இந்த இடம் புரியவில்லை’, ‘இங்கே இன்னும் சொல்’ என்று கேட்பவர் உதவுகிறார். பேனாவை வாங்கித் தாமே எழுதுபவர் உங்கள் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறார். ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் முதலில் தமிழிலேயே, வீட்டில் பேசும் தமிழிலேயே எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு தாமே ஆங்கிலத்தில் எழுதட்டும். இலக்கணப் பிழையை ஆசிரியர் திருத்தலாம். எளிய வார்த்தையை எடுத்துவிட்டுப் பெரிய வார்த்தையைப் போட அவரை அனுமதிக்க வேண்டாம்.

அனுப்புவதற்கு முன்

ஒன்று: ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, அதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதைத் தனித் தாளில் குறித்து வையுங்கள்; யார் கேட்டாலும் காட்டக்கூடியதாக அது இருக்கட்டும்.

இரண்டு: கட்டுரையில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு வகுப்புத் தோழன் ஒருவனுடைய பெயரை இட்டுப் படித்துப் பாருங்கள். அவனுக்கும் அது பொருந்துமானால், உங்களைப் பற்றி இன்னும் எழுதத் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

மூன்று: ‘தலைமை தாங்கினேன்’, ‘உருவாக்கினேன்’, ‘மாற்றினேன்’ என்னும் வினைகளை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றையும் உடனிருந்தவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று யோசித்து, ஒப்பமாட்டார்கள் என்று தோன்றுபவற்றை ‘உதவினேன்’, ‘தொடங்கினோம்’, ‘முயன்றேன்’ என்று திருத்துங்கள்.

நான்கு: கட்டுரையில் வரும் மனிதர்களுக்கு, அவர்கள் படிப்பறியாதவர்களானாலும், தமிழில் சொல்லிக் காட்டுங்கள். ‘அப்படியில்லையே, அன்னிக்கு நீ அழுதுட்டுல்ல இருந்தே’ என்று தாய் குறுக்கிட்டால், திருத்த வேண்டியது உங்கள் பிரதியை.

ஐந்து: அந்தத் திருத்தத்தைச் செய்த பிறகு கட்டுரையின் மினுக்கு சற்றுக் குறைந்துவிட்டதாகத் தோன்றினாலும், அதையே அனுப்புங்கள். சேர்க்கை கிடைத்தால் நான்கு வருஷமும், கிடைக்காவிட்டால் அதற்குப் பிறகும், நீங்கள் வாழ வேண்டியது அதில் எழுதியிருக்கும் அந்த மனிதரோடுதான்.